சைக்கிள் பயணத்தில் நாய்கள்: துரத்துவது ஏன், செய்ய வேண்டியது என்ன?



வழமையாக என்னிடம் வரும் கேள்விகள் வரிப் படிவம், வீட்டுக்கடன் வட்டி, ஓய்வூதியம் பற்றியவை. அண்மையில் ஒரு தாயார் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து முற்றிலும் வேறொன்றைக் கேட்டார். படிப்பை முடித்த அவரது மகன் இரண்டு நண்பர்களுடன் லண்டனிலிருந்து இஸ்தான்புல் வரை சைக்கிளில் போகப் போகிறாராம். "அண்ணை, கள்ளருக்கும் நான் பயப்பிடேல்லை, லொறிக்கும் பயப்பிடேல்லை. வழியில நாய் துரத்தினா பிள்ளை என்ன செய்யும்?" என்பதுதான் அவரது கேள்வி.

கேட்டுக்கொண்டிருந்த சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். நீண்டதூரம் சைக்கிள் ஓடியவர்களுக்குச் சிரிப்பு வராது. ரைன் நதிக்கரையிலும் டன்யூப் கரையிலும் சில கோடைகாலங்கள் ஓடியவன் என்ற முறையிலும், இது பற்றித் தேடி வாசித்தவன் என்ற முறையிலும் இன்றைய உரையில் அந்தத் தாயாருக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். பதில் அவருக்கு மட்டுமானதல்ல. விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடப்போகும் எங்கள் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் உரியது.

பழைய பிரச்சினை

சைக்கிள் பிறந்த நாளிலிருந்தே அதற்கும் நாய்க்கும் பகை. உலகத்தை முதன்முதலில் சைக்கிளில் சுற்றியவர் தோமஸ் ஸ்டீவன்ஸ். 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு 1886 டிசம்பரில் யப்பானின் யோகோஹாமாவை அடைந்தார். முன் சக்கரம் ஆளுயரத்துக்கு நிற்கும் அந்தக்காலத்துச் சைக்கிள் அது. 1885 இல் அவர் ஐரோப்பாவைக் கடந்து இன்றைய இஸ்தான்புல்லை அடைந்த வழியும் ஏறத்தாழ இந்தப் பிள்ளைகள் போகப்போகும் வழிதான். அவர் கொண்டுபோன சொற்பச் சாமான்களில் ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தது.

பிரான்சில் இதற்கென்றே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சிறிய சட்டைப்பைத் துப்பாக்கி விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் 'வெலோ டோக்'. பிரெஞ்சில் வெலோ என்றால் சைக்கிள். டோக் என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. துரத்தும் நாயைச் சுடவே அது செய்யப்பட்டது. நாயைக் கொல்ல மனமில்லாதவர்களுக்காக ஈயக் குண்டுக்குப் பதிலாக மிளகாய்த்தூள் அடைத்த தோட்டாக்களும் இருந்தன. அந்தளவுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இருந்திருக்கிறது.

இன்று துப்பாக்கி தேவையில்லை. நாய் ஏன் துரத்துகிறது என்ற விளக்கம் இருந்தால் பெரும்பாலான இடங்களில் போதும்.

நாய் ஏன் துரத்துகிறது?

முதலாவது காரணம் எல்லை. நாய் தனது வளவையும், வளவுக்கு முன்னால் உள்ள றோட்டின் ஒரு பகுதியையும் தன்னுடையது என்று எண்ணுகிறது. அதற்குள் வேகமாக வரும் எதையும் வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. உங்களைக் கடித்துத் தின்பது அதன் நோக்கமல்ல, போகச் செய்வதுதான் நோக்கம். அந்த எல்லை முடிந்தவுடன் பெரும்பாலான நாய்கள் நின்றுவிடும்.

இரண்டாவது காரணம் ஓட்டம். ஓடுவதைத் துரத்துவது நாயின் இரத்தத்தில் ஊறியது. முயலாக இருந்தாலும் பந்தாக இருந்தாலும் சக்கரமாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

மூன்றாவது காரணம் திடுக்கிடல். கார் தூரத்திலேயே கேட்கும். சைக்கிள் சத்தமில்லாமல் கிட்ட வந்துவிடும். நித்திரையில் இருந்த நாய் கண் திறக்கும்போது, மனித வாடை வீசுகிறது, ஆனால் மனிதனைப் போல நடக்காத உயரமான ஏதோ ஒன்று பக்கத்தில் நிற்கிறது. அது குரைக்காமல் என்ன செய்யும்?

நான்காவது காரணம்தான் முக்கியமானது. நாய் குரைக்கிறது, சைக்கிள்காரர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகத்தான் வந்தவர். ஆனால் நாயின் கணக்கில், தான் குரைத்தபடியால்தான் அவர் போனார். அடுத்த நாளும் அப்படியே. ஒவ்வொரு சைக்கிளும் அந்த நாய்க்கு ஒரு வெற்றி. தபால்காரரை நாய்கள் நாள்தோறும் துரத்துவதற்கும் இதே காரணத்தைச் சொல்வார்கள்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் வழியும் தெரிந்துவிடும். வேகத்தைக் குறையுங்கள், முன்கூட்டியே சத்தம் கொடுங்கள், தேவையானால் இறங்கி நடந்து மனிதராகிவிடுங்கள். மனிதர் நடந்து போவதை நாய் தினமும் பார்க்கிறது.

வழிநெடுக ஒரே நாய் அல்ல

லண்டனிலிருந்து கிழக்கே போகப்போக நாயின் நிலையும் மாறும். இதை அறிந்து போவது நல்லது.

இங்கிலாந்தின் கால்வாய்க் கரைகளிலும், ஒல்லாந்து, ஜேர்மனி, ஒஸ்ரியா நாடுகளிலும் சந்திப்பவை பெரும்பாலும் வீட்டு நாய்கள். உரிமையாளர் கூடவே வருவார். இங்கே கடியை விடப் பெரிய ஆபத்து, இழுக்க இழுக்க நீளும் மெல்லிய கயிறு. உரிமையாளர் பாதையின் ஒரு கரையில், நாய் மறுகரையில், நடுவில் கண்ணுக்குத் தெரியாத கயிறு. மணியடித்து, வேகம் குறைத்து, உரிமையாளர் நாயைத் தன் பக்கம் எடுத்த பின் ஒரு நன்றி சொல்லிப் போக வேண்டும்.

பிரான்சின் அத்திலாந்திக் கரையிலிருந்து ருமேனியாவின் கருங்கடல் கரை வரை பத்து நாடுகளைத் தொட்டுப் போகும் 'யூரோவெலோ 6' என்ற சைக்கிள் பாதையின் பெரும்பகுதி டன்யூப் நதியை ஒட்டியது. அதில் ஹங்கேரியைத் தாண்டிச் சேர்பியா, ருமேனியா, பல்கேரியா நாடுகளின் கிராமங்களுக்குள் போனால் வளவு நாய்களைச் சந்திப்பீர்கள். வேலிக்குள் சங்கிலியில் நின்றால் சத்தம் மட்டும்தான். படலை திறந்திருந்தால் றோட்டுக்கு வரும். யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் சைக்கிள் ஓடிப் பழகியவருக்கு இது புதிதல்ல.

மூன்றாவது வகை தெருநாய்கள். ருமேனியாவின் தலைநகர் புகாரெஸ்ட் பல வருடங்களாகத் தெருநாய்களுக்குப் பேர்போன நகரமாக இருந்தது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1980களில் சௌஷெஸ்குவின் ஆட்சியில் நகரின் பழைய குடியிருப்புகள் பெருமளவில் இடிக்கப்பட்டன. முற்றமும் வளவும் வைத்திருந்த குடும்பங்கள் மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அங்கே நாய்க்கு இடமில்லை. வீட்டுக்காரர் போனார்கள், நாய்கள் நின்றுவிட்டன, தெருவில் பெருகின. 2013 செப்டெம்பரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தெருநாய்களால் கொல்லப்பட்டதை அடுத்து, பிடிக்கப்பட்ட நாய்களைக் குறித்த நாட்களுக்குள் யாரும் பொறுப்பேற்காவிட்டால் கொல்வதற்கு இடமளிக்கும் சட்டம் அங்கே வந்தது. துருக்கியிலும் 2024 யூலையில் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைப்பதற்கான சட்டம் பெரும் எதிர்ப்பின் நடுவே நிறைவேறியது. அங்கு தெருநாய்கள் ஏறத்தாழ நாற்பது இலட்சம் என்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு.

வீட்டுக்காரர் போய், நாய் நின்ற கதை எங்களுக்கு விளங்காத கதையல்ல. 1995 ஒக்ரோபர் 30 அன்று ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் எங்களில் எத்தனை பேர்! பெட்டியைக் கட்டினோம், சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றினோம். படலையடியில் நின்ற நாயை யார் ஏற்றினோம்? புகாரெஸ்டில் தெருநாய் ஒன்றைக் காணும்போது, அதன் முன்னோரும் யாரோ ஒருவரின் படலையில் காவல் நின்றவைதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கோபம் கொஞ்சம் தணியும்.

நான்காவது வகைக்குத்தான் உண்மையான மரியாதை கொடுக்க வேண்டும். அவை மந்தைக் காவல் நாய்கள். துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில் உள்ள கங்கால் என்ற ஊரின் பெயரைக் கொண்ட நாய் ஐம்பது கிலோவுக்கு மேல் நிறை கொண்டது. ஓநாய் கழுத்தைக் கவ்வாமல் இருப்பதற்காக அதன் கழுத்தில் முள்ளுப் பட்டி கட்டியிருப்பார்கள். குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்வதால் மந்தைதான் அதன் குடும்பம்.

இவ்வகை நாய்கள் இன்று மேற்கு ஐரோப்பாவிலும் உண்டு. அழிந்துபோயிருந்த ஓநாய்கள் 1992 இல் பிரான்சின் அல்ப்ஸ் மலைக்கும் 1995 இல் சுவிற்சர்லாந்துக்கும் இத்தாலியப் பக்கமிருந்து திரும்பி வந்தன. அதனால் மேய்ப்பர்கள் மீண்டும் காவல் நாய்களை வைத்திருக்கிறார்கள். மலைப் பாதைகளில் வெள்ளை நாயின் படத்துடன் அறிவிப்புப் பலகை கண்டால் அதன் பொருள் இதுதான்: சைக்கிளை விட்டு இறங்குங்கள், மந்தையைச் சுற்றிப் போங்கள், ஆட்டுக்குட்டியைத் தடவப் போகாதீர்கள்.

துரத்தும்போது செய்ய வேண்டியவை

வேகமாக மிதித்துத் தப்பலாம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். சாமான் கட்டிய சைக்கிள் சமதரையில் மணிக்கு இருபது கிலோமீற்றர் போனால் பெரிய காரியம். குறுந்தூரத்துக்கு மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடக்கூடிய நாய்கள் உண்டு. அதைவிட, நீங்கள் ஓட ஓட அது துரத்தும். பல விபத்துகள் பல்லால் வருவதில்லை. நாய் முன் சக்கரத்துக்குள் புகுந்து விழுவதாலும், நாயைப் பார்த்துத் திடீரெனத் திருப்பிப் பின்னால் வரும் வாகனத்துக்கு முன்னால் போவதாலும் வருகின்றன.

ஆகவே முதலில் பின்னால் வாகனம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு வேகத்தைக் குறைத்து, அமைதியான, உறுதியான குரலில் பேசுங்கள். எந்த மொழியிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். நாய் கேட்பது சொல்லை அல்ல, குரலை. கீச்சிட்டுக் கத்துவது அதை மேலும் கிளப்பும்.

அப்படியும் நிற்காவிட்டால் இறங்குங்கள். சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் இடையில் வேலிபோலப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடவுங்கள். கண்ணுக்குள் முறைத்துப் பார்க்க வேண்டாம், முதுகைக் காட்டி ஓடவும் வேண்டாம். ஒரு ஐம்பது, நூறு மீற்றரில் அதன் எல்லை பெரும்பாலும் முடிந்துவிடும். அது நின்று குரைத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அமைதியாக ஏறிப் போகலாம்.

"கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்று எங்கள் பழமொழி சொல்கிறது. நல்ல செய்தி என்னவென்றால் கல் தேவையில்லை. கல்லெடுப்பதுபோலக் குனிந்தாலே பல தெருநாய்கள் பின்வாங்கும். ஊரில் கண்ட இந்த உண்மை துருக்கியிலும் பலிக்கிறது. தண்ணீர்ப் போத்தலிலிருந்து முகத்துக்கு ஒருமுறை பீய்ச்சுவதும் நல்ல வழி. ஆனால் மந்தைக் காவல் நாய்க்கு இந்த வித்தைகள் எதையும் காட்ட வேண்டாம். கல்லெறிந்தால் அது உங்களை ஓநாயின் கணக்கில் எழுதிவிடும். அதனிடம் செய்ய வேண்டியது, தூரத்திலேயே நின்று மேய்ப்பரைக் கூப்பிடுவது, அல்லது வந்த வழியே மெல்லப் பின்வாங்கிச் சுற்றிப் போவது.

நாயின் உடலையும் வாசிக்கப் பழகுங்கள். தூரத்தில் நின்று பலமாகக் குரைக்கும் நாய் பெரும்பாலும் எச்சரிக்கை மட்டுமே செய்கிறது. சத்தமில்லாமல், உடலை விறைப்பாக்கி, தலையைத் தாழ்த்தி நேரே வரும் நாயிடம்தான் அவதானம் தேவை. வாலாட்டும் நாயெல்லாம் நண்பன் என்பதும் சரியல்ல. விறைத்த வால் வேகமாக ஆடுவது பதற்றத்தின் அடையாளமாகவும் இருக்கலாம்.

மிளகு நீர் தெளிப்பான் வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பிரித்தானியாவில் அதை வைத்திருப்பதே 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் குற்றம். பயணம் தொடங்கும் நாட்டிலேயே சட்டச்சிக்கலில் மாட்ட வேண்டாம்.

கடித்துவிட்டால்

இனிச் சொல்வதைத் தயவுசெய்து எழுதி வையுங்கள்.

நாய்க்கடியில் புண்ணை விடப் பெரிய விடயம் விசர்நாய்க்கடி நோய். அதன் அறிகுறி தொடங்கிய பின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள். மனிதருக்குத் தொற்றும் சந்தர்ப்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாய்களால் வருபவை. ஆனால் அறிகுறி வருமுன் உரிய சிகிச்சையை முறையாக எடுத்தால் இந்த நோயைத் தடுக்கலாம். 1885 யூலை 6 அன்று பிரான்சில் லூயி பாஸ்ரரின் முதல் ஊசி ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் போடப்பட்ட நாளிலிருந்து மருத்துவம் எமக்குத் தந்திருக்கும் கொடை இது.

கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ உடனே சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நீங்கள் நினைப்பதை விட நீளமானது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மூலிகைச் சாறு எதுவும் பூச வேண்டாம். பிறகு அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். ஊர் திரும்பிய பின் பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது. நோய் வெளிப்பட வழமையாக இரண்டு மூன்று மாதம் செல்லும், சிலருக்கு ஒரு கிழமையிலும் வரலாம். ஏற்பு ஊசி பற்றியும் அப்போதே கேளுங்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் எங்கள் தலைமுறையில் பலரிடம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தால் கடியை மறைத்த பிள்ளைகளும் இருந்தார்கள். இப்போது போடப்படுவது கையில், சில நாட்கள் இடைவெளி விட்டு ஒரு சில ஊசிகள் மட்டுமே. கடி கடுமையானால் புண்ணிலேயே எதிர்ப்புப் புரதம் ஒன்றும் ஏற்றுவார்கள். அது விலை கூடியது, எல்லா ஊர் வைத்தியசாலைகளிலும் கிடைக்காதது. பயணத்துக்கு முன்னரே தடுப்பூசி போட்டவருக்கு அந்த மருந்து தேவைப்படாது. ஆனாலும் கடித்த பின் மேலதிக ஊசி கட்டாயம் போட வேண்டும்.

கணக்காளன் என்ற முறையில் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. முன்கூட்டிய தடுப்பூசிக்குப் பிரித்தானியாவில் பயணிகள் பெரும்பாலும் தாங்களே பணம் கட்ட வேண்டும். மூன்று மாதப் பயணச் செலவில் அதைத் தேவையற்ற வரியென்று வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது செலவல்ல, காப்புறுதி. பிரித்தானிய அரசின் சுகாதார அட்டை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் உதவும், துருக்கியில் செல்லாது. ஆகவே பயணக் காப்புறுதி எடுக்கும்போது சைக்கிள் பயணத்தையும் அது உள்ளடக்குகிறதா என்று சிறிய எழுத்தில் உள்ளதையும் வாசியுங்கள். வைத்தியரிடம் வாங்கும் பற்றுச்சீட்டையும், எந்த நாளில் எந்த ஊசி போட்டார்கள் என்ற குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஊசி அடுத்த நாட்டில் போட வேண்டி வரலாம்.

எங்கள் பயமும் பிள்ளைகளின் பயமும்

இலங்கையில் விசர்நாய்க்கடி இன்னும் ஒழியவில்லை. பிரித்தானியாவில் நாய்களிடையே அந்த நோய் 1922 இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. அதனால் இங்கு பிறந்த பிள்ளைக்கு நாய்க்கடி என்றால் ஒரு பிளாஸ்ரர் ஒட்டும் விடயம். அதே பிள்ளை விடுமுறைக்கு ஊருக்குப் போய், அம்மம்மா வீட்டு ஒழுங்கையில் சைக்கிள் ஓடி, தெருவில் நிற்கும் அழகான குட்டியைத் தூக்கும். குட்டி லேசாகக் கடித்தால், ஏச்சு விழும் என்று சொல்லாமல் விடும். இங்கேதான் ஆபத்து. "கடித்தால் சொல்லு, ஏச மாட்டோம்" என்று விமானம் ஏறுமுன்னரே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். அங்குள்ள அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சை இலவசம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களில் பலருக்கு நாயின் சத்தம் வெறும் சத்தமல்ல. போர்க்கால இரவுகளில் ஊரின் ஒரு மூலையில் நாய் குரைக்கத் தொடங்கி, அது தெருத் தெருவாகக் கிட்ட வரும்போது, விளக்கை நூர்த்துவிட்டு மூச்சை அடக்கிப் படுத்திருந்தவர்கள் நாங்கள். யாரோ ஊருக்குள் வருகிறார்கள் என்பதை முதலில் சொன்னது நாய்தான். அந்தப் பயம் நாயால் வந்ததல்ல, நாய் அறிவித்தவர்களால் வந்தது. ஆனால் உடம்பு அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அதனால்தான் இன்று லண்டன் பூங்காவில் ஒரு நாய் குரைத்தாலும் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்து "ஓடு" என்கிறோம். ஓடுவது நாயிடம் செய்யக்கூடாத முதல் காரியம் என்பதை இப்போது பார்த்தோம். எங்கள் பயத்துக்கு நியாயம் உண்டு. அதைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்க வேண்டியதில்லை.

துரத்தாமல் தொடரும் நாய்

எல்லா நாயும் துரத்துவதற்காக வருவதில்லை. 2012 இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலிருந்து திபெத்தின் லாசாவுக்குச் சைக்கிளில் போன மாணவர்களுடன் ஒரு சிறிய வெள்ளைத் தெருநாய் சேர்ந்துகொண்டது. ஒரு துண்டு உணவு கொடுத்ததுதான் தொடக்கம். நாலாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட கணவாய்கள் பலவற்றைத் தாண்டி, 1,700 கிலோமீற்றர் வரை அவர்களோடு ஓடியது. 'சியாவோ சா' என்று பெயரிட்டார்கள். கடைசியில் மாணவர் ஒருவர் அதைத் தன்னுடன் அழைத்துப் போனார்.

அழகான கதைதான். ஆனாலும் கூட்டிப்போக வழியில்லாதவர் வழியில் வரும் நாய்க்கு உணவு கொடுக்கும்முன் யோசிக்க வேண்டும். உங்களைத் தொடர்ந்து வரும் நாய் தன் ஊரை விட்டு மற்ற நாய்களின் எல்லைக்குள்ளும், பெருந்தெரு வாகனங்களுக்கு நடுவிலும் வந்து சேர்கிறது. கொடுப்பதானால் அதன் இடத்திலேயே, நீங்கள் தங்கும் இடத்தில், அங்குள்ளவர்களைக் கேட்டுக் கொடுங்கள்.

அந்தத் தாயாருக்கு என் பதில் இவ்வளவுதான். மகனைப் போக விடுங்கள். தடுப்பூசியைப் போட்டு அனுப்புங்கள். பையில் ஒரு சவர்க்காரக் கட்டி வையுங்கள். வேகத்தைக் குறைத்து, இறங்கி நடக்கத் தெரிந்தவனை ஊர் நாய்கள் பெரும்பாலும் போக விடும்.

உங்கள் பயண அனுபவங்களையும் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.